ஆலய வாசலில் நின்ற அண்ணகர்

யாழ்ப்பாணத்திலே புரட்டஸ்தாந்து கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்து, பல இடப்பெயர்வுகளின் பின்னர் அகதியாக ஐரோப்பாவை வந்தடைந்த தாயொருவர் எமக்குக் கடிதமொன்று வரைந்திருந்தார். பெயரையும் ஊரையும் வெளியிடவேண்டாம் எனக் கேட்டிருந்தார், அவ்வண்ணமே செய்கிறோம். அவருடைய மூத்த பிள்ளை ஆணாகப் பிறந்தது, ஆணாகவே வளர்க்கப்பட்டது. இருபது வயது கடந்த பின்னர், சிறுபராயம் முதல் தன்னைப் பெண்ணாகவே உணர்ந்து வந்ததாகத் தாயிடம் கூறியிருக்கிறது. தாய் அழுதார், தகப்பன் சில மாதங்கள் பேசாதிருந்தார். வைத்தியர்கள் எடுத்துச் சொன்னவற்றை இருவரும் காலப்போக்கில் ஓரளவு விளங்கிக்கொண்டனர். ஆனால் அவர்கள் செல்லும் சபையின் போதகர், இவ்வழியிற் சென்றால் நித்திய ஆக்கினை நிச்சயம் எனக் கூறிவிட்டாராம். பிள்ளையும் அதனை முற்றாக நம்பிவிட்டது என்பதே அத்தாயின் துயரம். "இரவிலை நித்திரையில்லாமல் வேதப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்குது. நான் நரகத்துக்குத்தான் எண்டு சொல்லுது. செல்லடிக்குள்ளாலை காப்பாத்திக் கொண்டுவந்த பிள்ளை" என்ற வரிகளுடன் அக்கடிதம் முடிகிறது.

நாம் வேதசாத்திரிகள் அல்லர். எம்மிற் பலர் கிறிஸ்தவரும் அல்லர். மாதொருபாகனைக் கைகூப்பி வணங்கிவிட்டு வீதிக்கு வந்ததும், பெண்ணாக நடந்த ஆண்பிள்ளையை எள்ளி நகையாடிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம் என்பதையும் மறைப்பதற்கில்லை. எனவே எந்தச் சமயத்தைப் பார்த்தும் விரல் நீட்டும் தகுதி எமக்கில்லை. ஆயினும் அத்தாய் கேட்ட கேள்விக்கு வரலாற்றில் ஒரு பகுதி விடையாவது உண்டு. திருச்சபை தன் நீண்ட வாழ்வில் இத்தகையோரைப் பற்றி உண்மையில் என்ன சொன்னது, யாரை விலக்கியது, யாரைப் பீடத்தில் ஏற்றியது என்பவற்றைத் தேடிப் பார்த்தபோது, போதகர் கூறிய அளவுக்கு விடயம் எளிதானதன்று என்பது தெரியவந்தது.

காசா வீதியில் நடந்தது

பழைய ஏற்பாட்டின் உபாகமத்தில் (கத்தோலிக்கர் இதனை இணைச்சட்டம் என்பர்) இருபத்திரண்டாம், இருபத்துமூன்றாம் அதிகாரங்களில் வரும் இரண்டு சட்டங்களே இவ்விடயத்திற் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஒன்று, ஆணின் உடையைப் பெண்ணும் பெண்ணின் உடையை ஆணும் அணியலாகாது என்பது. மற்றையது, விதை நசுக்கப்பட்டவனோ உறுப்பு அறுக்கப்பட்டவனோ கர்த்தருடைய சபைக்குள் வரலாகாது என்பது. இக்காலத்திற் சத்திரசிகிச்சை செய்துகொள்ள நினைக்கும் ஒருவர் இந்த இரண்டாவது சட்டத்தை வாசிக்கும்போது நெஞ்சு நடுங்குவதில் வியப்பில்லை. ஆனால் இவ்விரு சட்டங்களிலும் நரகம் என்ற பேச்சே கிடையாது. முதலாவது சட்டம் அதனை மீறுபவரை அருவருப்புக்குரியவர் என்று கடிந்துரைப்பது உண்மை. எனினும் மரணத்தின் பின் வரும் தண்டனை எதையும் அது கூறவில்லை. இரண்டாவது சட்டம் சபைக்குள் நுழைவதைப் பற்றியது மாத்திரமே. அதே இருபத்திரண்டாம் அதிகாரத்திலேயே, ஆட்டுமயிரும் சணல்நூலும் கலந்து நெய்த ஆடையை உடுத்தலாகாது என்றும், புதுவீட்டின் மேற்றளத்துக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்றும் சட்டங்கள் உண்டு. குளிருக்கு அஞ்சி மலிவுக் கடையிற் கலப்புத் துணிக் கோட்டு வாங்கிப் போட்ட எம்மவர் எவரையும், அதன்பொருட்டு எந்தப் போதகரும் நரகத்துக்கு அனுப்பியதாக நாம் கேள்விப்படவில்லை.

சபைக்குள் வரலாகாது என்ற அச்சட்டத்துக்குப் பழைய ஏற்பாட்டின் உள்ளேயே ஒரு மறுமொழி உண்டு. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட யூதர்கள், எம்மைப் போலவே அந்நிய நாட்டில் அல்லற்பட்டவர்கள், தாய்மண்ணுக்குத் திரும்பிய காலத்தோடு தொடர்புடையது ஏசாயா நூலின் ஐம்பத்தாறாம் அதிகாரம் என்பது அறிஞர் பலரின் கருத்து. அரண்மனைகளில் ஏவல் செய்வதற்காக விதையடிக்கப்பட்டவர்களும் அந்நாளில் இருந்தனர். அண்ணகர் என்று தமிழ் வேதாகமம் அவர்களை அழைக்கிறது. பிள்ளைப்பேறு இல்லாத அவர்கள் தம்மைப் பட்டமரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றும், கடவுளின் வீட்டினுள்ளே, அதன் மதில்களுக்குள்ளே, மக்கட்பேற்றிலும் மேலான பெயர் அவர்களுக்கு வழங்கப்படும் என்றும் அவ்வதிகாரம் வாக்களிக்கிறது. வாசலுக்கு வெளியே நிறுத்திய சட்டத்தை உள்ளே அழைக்கும் வாக்கு எதிர்கொள்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்திலேயே இருக்கின்றன.

இப்பின்னணியிலேயே அப்போஸ்தலர் நடபடிகளின் எட்டாம் அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். எருசலேமிலிருந்து காசாவுக்குச் செல்லும் வனாந்தர வழியில், எத்தியோப்பிய அரசியின் பொக்கிஷத்துக்குப் பொறுப்பாயிருந்த ஒருவர் தேரிலமர்ந்து ஏசாயாவின் சுருளை வாசித்துக்கொண்டு போகிறார். எருசலேமுக்கு வழிபடச் சென்று திரும்புகிறார். பிலிப்பு அவரைச் சந்திக்கிறார். அவர் வாசித்துக்கொண்டிருந்த பகுதி ஏசாயாவின் ஐம்பத்துமூன்றாம் அதிகாரம். பட்டமரம் பற்றிய வாக்கு அதே சுருளிற் சற்றுத் தள்ளி இருக்கிறது. வழியில் நீர்நிலையொன்றைக் கண்டதும், தமக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு என்ன தடை என்று அவர் கேட்கிறார். தடை என்னவென்று உபாகமத்தை அறிந்த எவருக்கும் தெரியும். ஏனெனில் கிரேக்க மூலத்தில் அவர் ஓர் அண்ணகர். அச்சொல் அந்த ஒரு சம்பவத்தினுள்ளே ஐந்து தடவை வருகிறது. பிலிப்புவோ தடை எதனையும் கூறவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். இந்த மனிதரே பின்னர் தம் நாட்டிற் சுவிசேஷத்தைப் பரப்பினார் என்று, இரண்டாம் நூற்றாண்டில் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் ஆயராயிருந்த இரேனியு எழுதியிருக்கிறார்.

எமது தமிழ் வாசகர் பலர் இதனை இதுவரை கவனித்திராமைக்கு ஒரு காரணம் உண்டு. 1871 ஆம் ஆண்டு ஹென்றி பவர் தலைமையிலான குழு நிறைவேற்றியதும், எமது புரட்டஸ்தாந்து ஆலயங்களிற் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டு வருவதுமான பழைய மொழிபெயர்ப்பில், இந்த ஐந்து இடங்களிலும் அண்ணகர் என்ற சொல் இல்லை. "மந்திரி" என்றே இருக்கிறது. இதனை முற்றிலும் பிழையென்று சொல்லிவிட முடியாது. அரண்மனை அதிகாரிகளையும் அண்ணகரையும் ஒரே சொல்லால் அழைக்கும் வழக்கம் அக்காலத்து மொழிகளில் இருந்ததுண்டு. ஆனால் அதே மொழிபெயர்ப்பு ஏசாயாவிலும் மத்தேயுவிலும் அண்ணகர் என்ற சொல்லைத் தயங்காது கையாள்கிறது. ஞானஸ்நானம் பெற்ற இடத்தில் மட்டும் அவர் மந்திரியாகிவிட்டார். ஞாயிறு பாடசாலையிற் படம் பார்த்துக் கதை கேட்ட எம் பிள்ளைகளுக்குத் தேரும் தெரியும், மந்திரியும் தெரியும். அவர் கேட்ட கேள்வியின் கனம் மாத்திரம் தெரியாது போயிற்று.

மத்தேயுவின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் யேசுவே அண்ணகர்களை மூவகையாகக் கூறுகிறார். பிறப்பிலேயே அவ்வாறு இருப்போர், மனிதரால் அவ்வாறு ஆக்கப்பட்டோர், பரலோகத்தின் பொருட்டுத் தம்மை அவ்வாறு ஆக்கிக்கொண்டோர். மூவரில் எவரையும் அவர் கண்டிக்கவில்லை. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அக்காலத்து அண்ணகரும் இக்காலத்துத் திருநங்கையரும் திருநம்பியரும் ஒருவரேயல்லர். அண்ணகரிற் பலர் அடிமைகளாய்ப் பிடிக்கப்பட்டு வன்முறையால் அந்நிலைக்கு உள்ளாக்கப்பட்டவர்கள். தம்மைப் பெண்ணென்றோ ஆணென்றோ அவர்கள் எவ்வாறு உணர்ந்தார்கள் என்பது எழுதிவைக்கப்படவில்லை. ஆனால் ஆண், பெண் என்ற இரு வரிசைகளிலும் ஒழுங்காக நிற்காத மனிதரென்று பண்டைய உலகம் அறிந்திருந்தவர்கள் அவர்களே. அவ்வாறானவர்களுக்குக் கடவுளின் வீட்டில் இடமுண்டா என்ற கேள்வி அவர்களைக் கொண்டே கேட்கப்பட்டது.

உடனே எவரேனும் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தை நீட்டுவர். கடவுளின் இராச்சியத்தைச் சுதந்தரிக்காதவர்களின் பட்டியல் அங்கே உண்டு. அச்சம் பிறப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான். அப்பட்டியலில் "மலாக்கோய்" என்றொரு கிரேக்கச் சொல் வருகிறது. மென்மையானவர் என்பது அதன் நேர்ப்பொருள். மத்தேயுவில் மெல்லிய வஸ்திரத்தைக் குறிப்பதும் இதே சொல்லே. 1611 ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இதனைப் பெண்தன்மையுடைய ஆண்கள் எனக் கொண்டது. எமது பழைய தமிழ் மொழிபெயர்ப்போ தன்னின்பப் பழக்கமுடையோர் எனக் கொண்டது. ஆங்கில வேதாகமத்தை விரித்துவைத்துத் தமிழிற் பிரசங்கிக்கும் ஒருவர் இச்சொல்லைக் கொண்டு ஒரு பிள்ளையை நரகத்துக்கு அனுப்புகிறார்; தமிழ் வேதாகமத்தை வைத்திருப்பவருக்கோ அங்கே வேறொருவர் நிற்கிறார். இச்சொல்லின் சரியான பொருள் குறித்து அறிஞரிடையே இன்றும் விவாதம் நிகழ்கிறது. இத்தனை தடுமாற்றமுள்ள ஒரு சொல்லின் மேல் ஓர் உயிரின் நித்தியத்தை நிறுத்துவது எமக்கு அச்சந்தருகிறது.

முதற் சங்கத்தின் முதற் சட்டம்

கி.பி. 325 இல் மன்னன் கொன்ஸ்தந்தீன் ஆயர்களை இன்றைய துருக்கியின் இஸ்னிக் நகரான நிசேயாவுக்கு அழைத்தான். இன்றும் ஆலயங்களிற் சொல்லப்படும் விசுவாசப் பிரமாணத்தின் அடிப்படை அங்கேதான் எழுந்தது. அச்சங்கம் இருபது சட்டங்களையும் இயற்றியது. அவற்றுள் முதலாவது எதைப் பற்றியது என்று எம்மிற் பலர் அறியார். அது அண்ணகரைப் பற்றியது.

நோயின் காரணமாக வைத்தியரால் உறுப்பு அகற்றப்பட்டவரோ, பகைவராலோ எசமானராலோ அந்நிலைக்கு ஆளாக்கப்பட்டவரோ குருத்துவத்தில் தொடரலாம், புதிதாகச் சேரவும் செய்யலாம் என்கிறது அச்சட்டம். உடல்நலத்தோடு இருந்துகொண்டு தாமாகவே வெட்டிக்கொண்டவர் மாத்திரம் குருப்பணியிலிருந்து விலகவேண்டும். இத்தகைய சட்டத்துக்குத் தேவை இருந்தது. அலெக்சாந்திரியாவின் பேரறிஞரான ஓரிஜன், மத்தேயுவின் வசனத்தைச் சொல்லுக்குச் சொல்லாக எடுத்துக்கொண்டு இளமையிலே தம்மை அண்ணகராக்கிக் கொண்டார் என யூசேபியு எழுதிவைத்திருக்கிறார். இதனை ஐயுறும் அறிஞரும் உண்டு. பிற்காலத்தில் ஓரிஜனே அவ்வசனத்தை அப்படி வாசிப்பது தவறென்று எழுதினார். அத்துடன் சிபெலே என்னும் தாய்த்தெய்வத்தின் பூசாரிகள் தம்மை வெட்டிக்கொண்டு பெண்ணுடையில் வீதிகளில் திரிந்தமை கிறிஸ்தவ ஆசிரியர்களுக்கு வெறுப்பூட்டியது. கார்த்தேச்சு நகர வீதிகளில் அவர்களைக் கண்டதைப் புனித அகுஸ்தீன் கசப்போடு எழுதுகிறார். விக்கிரக வழிபாட்டின் மீதான வெறுப்பும் அத்தகைய மனிதரின் மீதான வெறுப்பும் இவ்வாறு ஒன்றாகக் கலந்துவிட்டன எனலாம்.

ஆனால் தண்டனையின் அளவை நோக்குங்கள். நிசேயா தடுத்தது குருப்பணியை, மீட்பை அன்று. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொகுக்கப்பட்ட அப்போஸ்தலச் சட்டங்கள் என்னும் தொகுதி கடுமையானது. தன்னைத்தான் வெட்டிக்கொண்டவனைத் தன்னுயிர்க்குத் தானே பகைவன் எனக் கடிந்துரைக்கிறது. அதுவும் பொதுமக்களில் ஒருவர் அவ்வாறு செய்தால் விதிக்கும் தண்டனை மூன்று ஆண்டுகள் நற்கருணையிலிருந்து விலக்கி வைத்தலே. மூன்று ஆண்டுகள். அதன்பின் அவர் மீண்டும் பந்திக்கு வரலாம். வைத்தியர் கையால் நடந்ததற்கோ நிசேயாவின்படி அத்தண்டனையும் இல்லை. நிசேயாவின் ஆயர்கள் மனத்திற் கொண்டிருந்தது உடல்நோயை என்பதில் ஐயமில்லை. மனத்தின் வேதனையும் நோய்க்குள் அடங்குமா என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. ஆனாலும் வெட்டு என்பதற்காகவே ஒருவரைத் தள்ளிவிடாது, ஏன் வெட்டப்பட்டது என்று கேட்கும் பழக்கம் அந்த முதற் சட்டத்திலேயே இருக்கிறது.

இதன் பின்னர் வந்த கதையொன்று வேடிக்கையானது, வேதனையானதுங்கூட. கொன்ஸ்தாந்திநோபிளின் மறைமுதுவராயிருந்த இக்னாத்தியு ஓர் அண்ணகர். மன்னன் மகனான அவர் அரியணைக்கு உரிமை கோராதிருக்கும்பொருட்டு 813 இல் விதையடிக்கப்பட்டார். இன்று அவர் கிழக்கிலும் மேற்கிலும் புனிதர். உரோமையிலோ பதினாறாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி தொடங்கி, பெண்கள் ஆலயத்திற் பாடலாகாது என்ற காரணத்தால், விதையடிக்கப்பட்ட ஆண்களின் உச்சக்குரல் பாப்பரசரின் சொந்தப் பாடகர் குழாத்தை அலங்கரித்தது. உறுப்பறுத்தல் பாவம் எனப் போதிக்கப்பட்ட அதே கூரையின் கீழ் மூன்று நூற்றாண்டுகள் இது நடந்தது. அவர்களில் இறுதியானவர் எனப்படும் அலெஸ்ஸாந்திரோ மொரெஸ்கி 1922 இல் மறைந்தார். 1902 ஆம், 1904 ஆம் ஆண்டுகளிற் பதிவுசெய்யப்பட்ட அவருடைய குரலை இன்றும் கேட்கலாம்.

மடத்து வாசலில் மூன்றாண்டு

பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்ந்தோரின் கதை இதனிலும் வியப்பானது. கி.பி. 340 அளவில் இன்றைய துருக்கியின் வடபகுதியிலுள்ள கங்க்ரா நகரிற் கூடிய சங்கம், துறவின் பெயரால் ஆணுடை தரிக்கும் பெண் சபிக்கப்பட்டவள் எனத் தீர்மானித்தது. இது வெளிப்படையான சாபமே, மறுப்பதற்கில்லை. ஆனால் இச்சாபத்துக்குப் பிந்திய நூற்றாண்டுகளிலேயே, ஆணுடை தரித்து ஆண்துறவியர் மடங்களில் வாழ்ந்து மறைந்தோரின் சரிதங்களைத் திருச்சபை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிப் பாதுகாத்தது. அவற்றுள் எம் மனத்தைத் தொட்டது மரினோஸ் என்னும் துறவியின் சரிதம்.

அவர் வாழ்ந்த காலத்தை ஐந்தாம் நூற்றாண்டுக்கும் எட்டாம் நூற்றாண்டுக்கும் இடையில் வைப்பர். இடம் லெபனானின் கதீஷா பள்ளத்தாக்கிலுள்ள கன்னோபின் மடம் என்பது மரோனியத் திருச்சபையின் நம்பிக்கை. மனைவியை இழந்த தகப்பன் துறவியாக விரும்பினார். மரியா என்ற பெயருடைய பிள்ளை தானும் வருவேன் என்றது. தலைமயிரைக் கத்தரித்து, ஆணுடை தரித்து, மரினோஸ் என்னும் பெயரோடு தகப்பனுடன் மடம் புகுந்தது. தகப்பன் மறைந்த பின்னரும் மரினோஸ் மடத்தை விட்டு அகலவில்லை. தாடி முளைக்காததையும் குரல் மெலிந்திருந்ததையும் கண்ட சகோதரர் சிலர் அவரை அண்ணகர் என்றே எண்ணினராம்.

ஒருநாள் மடத்து அலுவலாகப் போனவர்கள் சத்திரமொன்றில் தங்கினர். சத்திரக்காரனின் மகள் ஒரு போர்வீரனாற் கருவுற்றிருந்தாள். பழியை மரினோஸின் மேற் போட்டாள். ஒரு சொல்லில் அப்பழியைத் துடைத்திருக்கலாம். தம் உடலைப் பற்றிய அந்த ஒரு சொல்லை அவர் சொல்லவில்லை. பாவஞ்செய்தேன் என்று மட்டும் கூறினார். மடாதிபதி அவரை வெளியே தள்ளினார். மடத்தின் வாசலிலேயே மூன்றாண்டுகள் வெயிலிலும் குளிரிலும் கிடந்தார். பிறந்த குழந்தையையும் கொண்டுவந்து அவர் மடியிற் போட்டனர். இடையரிடம் பால் வாங்கி அக்குழந்தையை வளர்த்தார். பின்னர் சகோதரர்கள் இரங்கி மன்றாடியமையால் உள்ளே அனுமதிக்கப்பட்டு, மடத்தின் இழிவான வேலைகளனைத்தையும் செய்து வந்தார். அவர் இறந்த பின்னர், உடலைக் கழுவ வந்த சகோதரர்களே முதன்முதலாக உண்மையை அறிந்தனர். மடாதிபதி அவர் காலடியில் விழுந்து அழுதார் என்கிறது சரிதம். மரோனியர், கத்தோலிக்கர், கிழக்கத்தியர், கொப்திக்கர் யாவரும் இன்று அவரைப் புனிதராகப் போற்றுகின்றனர். சூலை 17 மரோனியரிடையே அவருடைய திருநாள். அவருடையவை என நம்பப்படும் திருப்பண்டங்கள் வெனிஸ் நகரில் உள்ளன.

மரினோஸ் தம்மை ஆணாக உணர்ந்தாரா, தகப்பனைப் பிரிய மனமின்றி வேடமிட்டாரா என்பதை ஆராய்ந்து தீர்க்க நாம் முனையவில்லை. சரிதத்தை எழுதியவர்கள் பெண்ணின் வீரத்தைப் புகழும் நோக்கத்துடனேயே எழுதினார்கள். ஆனால் கங்க்ராவின் சாபம் ஏட்டில் இருக்க, அச்சாபத்துக்குரிய வாழ்வை இறுதிமூச்சு வரை வாழ்ந்த ஒருவருக்கு அதே திருச்சபை மெழுகுதிரி ஏற்றியது என்பது நிகழ்ந்த உண்மை. அவர் நரகத்துக்குப் போனார் என்று எந்த ஆயரும் சொன்னதில்லை.

பிரான்சில் வாழும் எமது பிள்ளைகள் பாடசாலையிற் படிக்கும் ஜோன் ஒவ் ஆர்க்கின் வழக்கையும் இவ்விடத்திற் குறிப்பிடாது போக முடியாது. அவரைத் திருநம்பி என நாம் கூறவில்லை. தம்மைக் கன்னிப்பெண் என்றே அவர் அழைத்துக்கொண்டார். ஆனால் உபாகமத்தின் உடைச் சட்டம் ஓர் உயிரைக் குடிக்கத் துணைபோனது அவருடைய வழக்கிலேயே. ரூவான் நகரில் 1431 இல் ஆயர் பியேர் கோஷோன் தலைமையில் நடந்த விசாரணையில், அவர் கேட்ட தெய்வீகக் குரல்களோடு அவர் அணிந்த ஆணுடையும் குற்றமாக வைக்கப்பட்டது. பூசை காண விரும்பினால் பெண்ணுடை தரிக்கவேண்டும் என்றனர். மே 24 இல் அச்சுறுத்தலுக்குப் பணிந்து பெண்ணுடைக்கு மாறியவர், சில நாட்களில் மீண்டும் ஆணுடையிற் காணப்பட்டார். மே 30 இல் எரிக்கப்பட்டார். இத்தனைக்கும், தேவை ஏற்படின் மறுபாலாரின் உடையைப் பாவமின்றி அணியலாம் என்று, 1274 இல் மறைந்த புனித தோமஸ் அக்குவினாஸ் எழுதிவைத்திருந்தார், நீதிபதிகள் படித்தவர்களே. 1456 இல் திருச்சபை அத்தீர்ப்பைச் செல்லாதெனக் கிழித்தது. 1920 இல் அவரைப் புனிதர் என்றது. ஆக்கினைத் தீர்ப்பு இருபத்தைந்து ஆண்டுகளில் மாறிற்று. அவரை எரித்த தீ மாற்றமுடியாதது.

எம் காலத்தில்

எம் காலத்துக்கு வருவோம். ஸ்பெயினின் பிளாசென்சியா நகரைச் சேர்ந்த டியேகோ நேரியா பெண்ணெனக் குறிக்கப்பட்டுப் பிறந்தவர், பக்தியுள்ள கத்தோலிக்கர். தாம் உயிரோடு இருக்கும்வரை உடலை மாற்றவேண்டாம் எனத் தாயார் கேட்டுக்கொண்டதால், அவர் மறையும்வரை காத்திருந்து நாற்பது வயதிலேயே மாற்றத்தைத் தொடங்கினார். அதன்பின் அவர் ஆலயத்துக்குப் போவதே பெரும்பாடாயிற்று. குருவொருவர் அவரைச் சாத்தானின் மகள் என்று ஏசினார். அவர் பாப்பரசர் பிரான்சிசுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய ஆயர் துணைநின்றார். 2014 டிசெம்பர் 8 ஆம் நாள் தொலைபேசி மணி அடித்தது, பேசியவர் பாப்பரசர். 2015 சனவரி 24 இல் டியேகோவும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் வத்திக்கானில் பாப்பரசரின் இல்லத்தில் வரவேற்கப்பட்டனர்.

இச்சம்பவத்தைப் பாப்பரசரே 2016 ஒக்ரோபர் 2 ஆம் நாள், அசர்பைஜானிலிருந்து திரும்பும் விமானத்திற் பத்திரிகையாளருக்கு விவரித்தார். அவ்வூரில் இரண்டு குருமார் இருந்தனராம். புதியவர் இவரைக் கண்டால் வீதியோரத்தில் நின்று, நீ நரகத்துக்குப் போவாய் எனக் கத்துவாராம். ஓய்வுபெற்ற முதியவரோ, பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை நாளாயிற்று, வா, நற்கருணை வாங்கலாம் என்று அழைப்பாராம். ஒரே திருச்சபை, ஒரே ஊர், ஒரே மனிதர்; வாய்கள் இரண்டு. அதே உரையாடலில் பால்வேறுபாட்டுக் கொள்கைகள் பாடசாலைகளிற் புகுத்தப்படுவதைப் பாப்பரசர் வன்மையாகக் கண்டித்தார் என்பதையும் நாம் மறைக்கவில்லை.

இந்த இருமுகம் பின்னரும் தொடர்ந்தது. 2023 நவம்பரில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் திணைக்களம், பிரேசில் நாட்டு ஆயரொருவரின் கேள்விக்கு விடையளித்தது. ஓமோன் சிகிச்சையோ சத்திரசிகிச்சையோ பெற்றிருப்பினும், விசுவாசிகளிடையே இடறல் ஏற்படும் நிலை இல்லாதவிடத்து, ஏனையோரைப் போலவே இவர்களும் ஞானஸ்நானம் பெறலாம் என்றது. ஐந்து மாதங்களில், 2024 ஏப்ரலில், அதே திணைக்களம் வெளியிட்ட வேறோர் ஆவணம், பால்மாற்றச் சிகிச்சை மனித மாண்புக்கு ஊறு விளைவிக்கக்கூடும் என்றது. முரண்பாடு என்பவர் உண்டு. சிகிச்சையை ஏற்காதபோதும் சிகிச்சை பெற்றவரைக் கடவுளிடமிருந்து பிரித்துவிட முடியாது என்று வத்திக்கான் கருதுவதாகவே எமக்குப் படுகிறது. ஏற்காமை வேறு, ஆக்கினை வேறு. போதகர் அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தவறியது இந்த வேறுபாட்டையே.

பிற சபைகள் மேலும் முன்சென்றுள்ளன. இங்கிலாந்துத் திருச்சபையில் கரல் ஸ்ரோன் என்னும் குரு 2000 ஆம் ஆண்டிற் பெண்ணாக மாறி, சுவின்டன் நகரிலுள்ள தம் பழைய பங்குக்கே திரும்பி, 2014 இல் மறையும்வரை பணிசெய்தார். தமிழகத்திலே செங்கல்பட்டுக்கு அருகே நடராஜபுரத்தில், பாரதி என்னும் திருநங்கை இறையியல் கற்று, இந்திய சுவிசேஷத் திருச்சபையின் போதகராக நியமனம் பெற்றார். எம்மொழியிற் பிரசங்கித்து, எம்மொழியில் திருமணங்களை ஆசீர்வதித்த ஒருவர் அவர். எமது புலம்பெயர் சபைகளில் இன்னும் இது பேசாப்பொருளாகவே இருக்கிறது. ஊரில் விட்டு வந்த ஆலயத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வாடகை மண்டபத்தில் வைத்திருக்கிறோம். அச்சத்தையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டோம் போலும்.

அத்தாயாருக்கு நாம் தனியாகப் பதில் எழுதினோம். சபையை விட்டு விலகும்படியோ, போதகரோடு வாதிடும்படியோ நாம் சொல்லவில்லை. போர்க்காலத்திற் பதுங்குகுழிக்குள்ளும் பிள்ளையின் கையிலிருந்த அந்தப் பழைய வேதாகமத்தை அவர்கள் இன்னும் வைத்திருப்பதாக எழுதியிருந்தார். அதனை எடுத்து, அப்போஸ்தலர் நடபடிகளின் எட்டாம் அதிகாரத்தை இருபத்தாறாம் வசனத்திலிருந்து பிள்ளையோடு சேர்ந்து இருந்து உரத்து வாசிக்கும்படியும், மந்திரி என்று வரும் ஐந்து இடங்களிலும் அண்ணகர் என்று மாற்றி வாசிக்கும்படியும் மாத்திரம் கேட்டிருந்தோம்.